நிலாவில் மனை: வில்லங்கம் போட்டுப் பார்த்ததில்

மனை வாங்கப் போகிறவர் தரகரிடம் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. ரோடு எத்தனை அடி அகலம்? பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? பட்டா யார் பேரில்? கடைசியாகக் குரலைத் தாழ்த்தி, வில்லங்கம் ஏதும் இல்லையே?

நிலாவில் மனிதன் குடியிருக்க முடியுமா என்று சுமார் 1,850 ஆண்டுகளாகப் பேசி வருகிறார்கள். பேசியவர்களில் மனையைப் போய்ப் பார்த்துக் கேள்வி கேட்டவர் அநேகமாக யாரும் இல்லை. (ஒருவர் உண்டு. அவர் கதை பரிதாபம், பின்னால் வரும்.) மற்றவர்கள் எல்லாம் சொந்த ஊரில் தீராத சண்டையை அங்கே போய்த் தீர்க்கலாம், சொந்த ஊரில் நடத்தும் கடைக்கு அங்கே ஒரு கிளை திறக்கலாம் என்றுதான் புறப்பட்டிருக்கிறார்கள். ஆகவே ஆதியிலிருந்து ஒரு வில்லங்கம் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

முதல் பதிவு கி.பி. இரண்டாம் நூற்றாண்டு. லூசியன் என்றொரு எழுத்துக்காரர், யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் சமோசாட்டா என்ற ஊர்க்காரர், கிரேக்கத்தில் எழுதியவர். 'உண்மைக் கதை' என்று நூலுக்குப் பெயர் வைத்துவிட்டு, உள்ளே இருப்பது அத்தனையும் பொய் என்று முகவுரையிலேயே ஒப்புக்கொண்டார். இந்தத் துறையில் அவருக்குப் பின் வந்தவர்கள் யாரிடமும் இந்த நாணயத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

ஐம்பது பேருடன் கப்பலேறுகிறார். சூறாவளி கப்பலை அலாக்காகத் தூக்குகிறது. ஏழு பகல் ஏழு இரவு ஆகாயத்தில் மிதந்து, எட்டாம் நாள் நிலாவில் தரை தட்டுகிறது. கழுகின் மேல் சவாரி செய்யும் ரோந்துப் படை வந்து அள்ளிக்கொண்டு போய் ராஜா முன்னால் நிறுத்துகிறது. ராஜா பெயர் எண்டிமியோன். அவரும் பூமியிலிருந்து போய்ச் சேர்ந்த ஆள்தான். அவருக்கும் சூரியனின் ராஜாவுக்கும் அப்போது யுத்தம் நடந்துகொண்டிருக்கிறது. காரணம் என்ன? விடிவெள்ளி சும்மா கிடக்கிறதே, நம் ஊர் ஏழைகளையெல்லாம் அங்கே கொண்டுபோய்க் குடிவைத்துவிடலாமே என்று நிலா ராஜா ஒரு திட்டம் போட்டார். சூரிய ராஜா குறுக்கே வந்தார். ஊரின் அழகுக்கு இடைஞ்சலாக இருப்பவர்களை லாரியில் ஏற்றிக் கண்காணாத இடத்தில் இறக்கிவிடும் மறுகுடியமர்வுத் திட்டம் எவ்வளவு பழையது பாருங்கள்.

யுத்தத்தில் நிலாத் தரப்பு தோற்றது. சூரியன் ஆட்கள் நடுவில் ஒரு சுவரை எழுப்பி வெளிச்சத்தையே மறித்துவிட்டார்கள். இருட்டில் உட்கார்ந்து யோசித்த நிலா ராஜா, ஆண்டுக்குப் பத்தாயிரம் ஜாடி பனித்துளி கப்பம் கட்டுவதாக ஒப்புக்கொண்டு சமாதானமானார். நிலாவாசிகளைப் பற்றியும் லூசியன் விவரமாகச் சொல்கிறார். பெண்களே கிடையாது, பிள்ளை ஆணின் கெண்டைக்காலில் வளரும். வழுக்கைத் தலைதான் அழகு. கண்ணைக் கழற்றி வைக்கலாம். தொலைத்தவர் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிக்கொள்ளலாம். பணக்காரர்கள் ஸ்டாக் வைத்திருப்பார்கள். அப்புறம் ஒன்று: அவர்களுக்குச் சிறுநீரும் கிடையாது, மலமும் கிடையாது. இந்தக் கடைசித் தகவலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நிலாக் குடியேற்றத்தின் தலையாய பிரச்சினையை ஒரே வரியில் தீர்த்த ஒரே திட்டம் இதுதான். பிற்பாடு அமெரிக்கா கோடி கோடியாகக் கொட்டியும் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை.

அடுத்த பதிவுக்குச் சுமார் 1,450 ஆண்டு இடைவெளி. மனையைப் பார்த்த அந்த ஒருவர் இவர்தான்: யோஹான்னஸ் கெப்ளர். கோள்கள் வட்டத்தில் அல்ல, நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்று சொன்ன அதே கெப்ளர். அவர் 1609 வாக்கில் 'சொம்னியம்' என்றொரு கனவுக் கதை எழுதினார். ஐஸ்லாந்தில் ஒரு மூலிகைக்காரக் கிழவி. அவளுக்கு ஆவி சகவாசம். அந்த ஆவிகள் ஆளைத் தூக்கிக்கொண்டு நாலே மணி நேரத்தில் நிலாவுக்குப் போய்விடும். கிரகணத்தின்போது நிழல் வழியாகத்தான் பயணம். கிளம்பும் அதிர்ச்சி தாங்காது என்பதால் பயணிக்கு அபின் கொடுத்துத் தூங்க வைக்க வேண்டும். வழியில் மூச்சு விட ஈரப் பஞ்சை மூக்கில் வைக்க வேண்டும். யாரை ஏற்றலாம் என்பதற்கும் விதிமுறை இருக்கிறது. தொந்தி உள்ளவர் கூடாது. ஜெர்மானியர் கூடவே கூடாது (எழுதியவர் ஜெர்மானியர்). ஸ்பானியர் பரவாயில்லை. மிகவும் விசேஷம், வற்றிக் காய்ந்த கிழவிகள். விண்வெளி வீரர் தேர்வுக்கு உலகில் எழுதப்பட்ட முதல் அறிவிக்கை இதுவாகத்தான் இருக்கும். வயது வரம்பு மட்டும் தலைகீழ்.

ஆனால் நிலாவில் இறங்கியதும் கெப்ளர் விளையாட்டை நிறுத்திவிடுகிறார். ஒரு முகம் எப்போதும் பூமியைப் பார்த்தே இருக்கும், மறுமுகத்துக்குப் பூமி என்று ஒன்று இருப்பதே தெரியாது. பகல் நம் கணக்கில் பதினாலு நாள், இரவு பதினாலு நாள். பகலில் வேகும், இரவில் உறையும். சரியாகச் சொன்னார். இப்படிப்பட்ட ஊரில் எவன் வீடு கட்டுவான்? ஆகவே அவர் படைத்த பிராணிகள் வெயிலுக்குப் பயந்து குகைக்குள் ஓடி ஒளிகின்றன. இன்றைக்கு விண்வெளி நிறுவனங்கள் எரிமலைக் குழம்பு ஓடிய பழைய சுரங்கக் குகைகளைத் தேடி வரைபடம் போடுகின்றனவே, அந்த யோசனைக்கு 400 வயது தாண்டிவிட்டது.

மனையைச் சரியாகப் பார்த்தவருக்கு என்ன கிடைத்தது? கைப்பிரதி எப்படியோ வெளியே கசிந்தது. கெப்ளரின் அம்மா கதாரீனாவும் ஊரில் மூலிகை வைத்தியம் செய்கிற கிழவி. சூனியக்காரி என்று ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்த அக்கம்பக்கம், மகனே எழுதிக் கொடுத்துவிட்டான் என்று நினைத்திருக்காதா? அந்த வதந்திக்குத் தன் கதையும் எண்ணெய் ஊற்றியது என்று கெப்ளரே நம்பினார். 1615-இல் புகார், 1620-இல் கைது, எழுபது தாண்டிய கிழவிக்குச் சுமார் பதினாலு மாதம் சங்கிலி. பேரரசின் கணித மேதை வேலையை விட்டுவிட்டு வந்து வாதாடி, 1621-இல் மீட்டார். அதன்பிறகு அந்தச் சின்னக் கதைக்கு 223 குறிப்புகள் எழுதிச் சேர்த்தார்: இது நிழலைக் குறிக்கிறது, இது ஈர்ப்பைக் குறிக்கிறது, யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று. புத்தகம் அச்சில் வந்தது 1634-இல். அவர் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

இங்கிலாந்தில் இதே வேலையைச் செய்த ஜான் வில்கின்ஸுக்கு அப்படி ஒரு தொல்லையும் வரவில்லை. அவர் சமர்த்து. 1638-இல், இருபத்து நாலு வயதில், நிலா ஓர் உலகம், அங்கே ஆட்கள் இருக்கக்கூடும் என்று புத்தகம் போட்டார். இரண்டு வருஷம் கழித்து, போய்வரவும் முடியும் என்று ஓர் அத்தியாயம் சேர்த்தார். இருபது மைல் உயரம் ஏறிவிட்டால் பூமி இழுக்காது. அதற்கு மேல் சும்மா போய்க்கொண்டே இருக்கலாம். சாப்பாடு? உடம்புக்கு எடையில்லை, எடையில்லை என்றால் உழைப்பில்லை, உழைப்பில்லை என்றால் பசியில்லை. மெஸ் கட்டணத்தையே ஒழித்துவிட்டார். வழியில் தங்கச் சத்திரம் இல்லையே என்று மட்டும் கொஞ்சம் கவலைப்பட்டார். ராஜாவின் தலையை வெட்டிய கிராம்வெல்லின் தங்கையைக் கட்டிக்கொண்டவர், ராஜாவின் மகன் ஆட்சிக்குத் திரும்பிய பிறகு பிஷப் ஆனார் என்பதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஈர்ப்பு விசை இல்லாமல் இடம் மாறுவது எப்படி என்று அவருக்குச் சொந்த அனுபவத்தில் தெரியும்.

தொலைநோக்கி பெரிதாகப் பெரிதாக நிலாவில் ஜனத்தொகையும் பெருகியது. 1824-இல் மியூனிக்கின் ஃபிரான்ஸ் ஃபான் பவுலா குரூயிட்ஹூசன், நிலாவில் கோட்டை கொத்தளத்தோடு ஒரு நகரத்தையே பார்த்துவிட்டதாக எழுதினார். அடிப்படையில் அவர் டாக்டர். சிறுநீர்ப்பைக் கல்லை வயிற்றைக் கிழிக்காமல் உள்ளேயே நொறுக்கும் கருவிக்கு முன்னோடிகளில் ஒருவர். கல்லைப் பார்த்தால் நொறுக்கத் தோன்றிய கைக்கு, நிலாவின் கல்லைப் பார்த்ததும் அடுக்கிக் கட்டத் தோன்றியிருக்கிறது. மற்றவர்கள் பார்த்தபோது அங்கே தாறுமாறான சில மேடுகள்தான் இருந்தன. இரண்டு வருஷத்தில் அவரைப் பல்கலைக்கழகத்தில் வானியல் பேராசிரியர் ஆக்கினார்கள்.

அதையும் தூக்கிச் சாப்பிட்டது நியூயார்க்கின் 'சன்' பத்திரிகை. 1835 ஆகஸ்ட் 25-ஆம் தேதி தொடங்கி ஆறு பகுதிகளாக ஒரு தொடர். புகழ்பெற்ற வானியலர் ஜான் ஹெர்ஷல் தென்னாப்பிரிக்காவில் ராட்சதத் தொலைநோக்கி வைத்து நிலாவைப் பார்க்கிறார். அங்கே ஒற்றைக் கொம்பு ஆடு மேய்கிறது. இரண்டு காலில் நடக்கும் பீவர் பிராணிகள் குட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு போகின்றன. அவற்றின் குடிசையில் புகை வருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வவ்வால் சிறகு வைத்த மனிதர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேசியது என்ன என்று மட்டும் நிருபருக்குக் கேட்கவில்லை. விலை ஒரு சென்ட். பீவருக்கு அடுப்பும் வீடும் கொடுத்த அந்த நிருபர் ரிச்சர்ட் ஆடம்ஸ் லாக். உலகிலேயே அதிகம் விற்கும் நாளிதழ் நாங்கள்தான் என்று நடுவிலேயே பத்திரிகை மார்தட்டிக்கொண்டது. கதையை எப்படி முடிப்பது என்று வந்தபோது, தொலைநோக்கியின் கண்ணாடி வழியாக வெயில் பாய்ந்து கூடமே எரிந்துவிட்டது என்று ஊதி அணைத்தார்கள். ஹெர்ஷல் உண்மையிலேயே அப்போது தென்னாப்பிரிக்காவில்தான் இருந்தார். சேதி போய்ச் சேர்ந்ததும் முதலில் சிரித்தார். பிறகு காண்கிறவர்கள் எல்லாம் வவ்வால் மனிதர்களின் நலம் விசாரிக்கத் தொடங்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

இதுவரை வந்தவர்கள் எல்லாம் பேனா பிடித்தவர்கள். 1950-களில் விஷயம் காக்கிச் சட்டைக்காரர்கள் கைக்குப் போனது. ரஷ்யாக்காரன் ஸ்புட்னிக்கை ஏவிவிட்டான். அமெரிக்காவுக்குத் தூக்கம் போயிற்று. 1957 டிசம்பரில் அவர்கள் அவசரமாக ஏவிய வான்கார்டு ராக்கெட் நாலு அடி எழும்பி, யோசித்து, உட்கார்ந்து, வெடித்தது. இதை உலகமே பார்த்துச் சிரித்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. 1959 ஜூனில் அமெரிக்கத் தரைப்படை ஓர் அறிக்கையைச் சமர்ப்பித்தது. பெயர் 'ஹொரைசன் திட்டம்'. விஷயம், நிலாவில் ராணுவ முகாம்.

அந்த அறிக்கையைப் படித்தால் கண்ணில் நீர் வரும், சிரிப்பில். 1965 ஏப்ரலில் இரண்டு பேர் இறங்குவார்கள். 1966 நவம்பருக்குள் பன்னிரண்டு சிப்பாய்கள் உள்ள முகாம் தயார். அதற்கு 149 ராட்சத ராக்கெட்டுகள் போதும். செலவு சுமார் 600 கோடி டாலர். பெரிய தகர டிரம் மாதிரி உருளைகளைக் கொண்டுபோய் நிலா மண்ணுக்குள் புதைத்து, அதற்குள் ஆட்கள் இருப்பார்கள்; மின்சாரத்துக்கு அணு உலை. அமெரிக்கா அன்று வரை ஒரு மனிதனைக்கூட வானத்துக்கு மேலே அனுப்பியதில்லை என்பது ஒரு சின்ன விவரம்.

ரஷ்யாக்காரன் வந்து தாக்கினால்? அதற்கும் யோசனை இருந்தது. எதிரியின் விண்வெளி உடையில் ஓட்டை போட்டால் போதும், ஆள் காலி என்பதால், சன்னம் தெறிக்கும் கிளேமோர் கண்ணிவெடியை அதற்கு ஏற்றபடி மாற்றி முகாமைச் சுற்றி வைப்பார்கள். கூடவே டேவி க்ராக்கெட் பீரங்கியும். அதன் குண்டு அணுகுண்டு. காற்றில்லாத இடத்தில் சன்னம் எங்கே போய் நிற்கும், சுட்டவன் உடையிலேயே ஓட்டை விழாதா என்று கேட்கும் அளவுக்குத் தளபதிகளுக்கு நேரமில்லை. தரைப்படை இப்படி என்றால் விமானப்படை சும்மா இருக்குமா? நீ பன்னிரண்டா, நான் இருபத்தொன்று என்று 'லூனெக்ஸ்' என்ற பெயரில் ஒரு நிலத்தடி முகாம் வரைந்தது. குடியிருப்பதெல்லாம் அப்புறம், முதலில் நிலாவில் ஓர் அணுகுண்டைப் போடுவோம், பூமியிலிருந்து பார்த்தாலே பளிச்சென்று தெரியட்டும் என்று 1958-இல் ரகசிய ஆய்வும் செய்தார்கள். வெடித்தால் தூசி எப்படிப் பரவும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்த மாணவர் பெயர் கார்ல் சாகன். ஆமாம், பிற்காலத்தில் தொலைக்காட்சியில் பிரபஞ்சத்தின் அழகைச் சொல்லி நம்மையெல்லாம் உருக வைத்த அதே சாகன்தான். குடிபோக நினைத்த வீட்டின் மேல் முதலில் குண்டு போடலாம் என்று யோசித்த இனம் நாம் ஒன்றுதான்.

ரஷ்யர்களும் ஒன்றும் சளைத்தவர்கள் அல்ல. 'ஸ்வெஸ்தா' என்று ஒரு நிலாக் குடியிருப்பை ஆண்டுக்கணக்கில் வரைந்தார்கள். வடிவமைத்த பார்மின் பெயரால் அதைப் பார்மின்கிராத் என்று செல்லமாக அழைத்தார்கள். நிலாவுக்கு ஆள் அனுப்பும் அவர்களின் ராக்கெட் நாலு முறை கிளம்பி நாலு முறையும் போய்ச் சேரவில்லை. ஊருக்குப் பெயர் இருந்தது, பஸ் மட்டும் இல்லை.

பட்டாளம் போன பின்னால் ஓட்டல்காரர் வருவதுதானே முறை? 1967-இல் பாரன் ஹில்டன், விண்வெளி நிபுணர்கள் கூடிய மாநாட்டில் எழுந்து நிலா ஹில்டனைப் பற்றிப் பேசினார். தரைக்குக் கீழே மூன்று தளம், நூறு அறை, பூமியைப் பார்த்தபடி குடிக்க 'கேலக்ஸி லவுஞ்ச்'. அங்கே சுத்தமான ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்து, எந்தச் சரக்கு வேண்டுமோ அந்தச் சுவை மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாம். இத்தனை நூற்றாண்டுகளில் நிலாக் குடியேற்றத்துக்கு இவ்வளவு தெளிவான சிந்தனையை வேறு யாரும் தரவில்லை. பான் அமெரிக்கன் விமான நிறுவனமோ டிக்கெட்டுக்குப் பெயரே எழுத ஆரம்பித்துவிட்டது. 'முதல் நிலாப் பயணக் கழகம்' என்று உறுப்பினர் அட்டை, அதில் வரிசை எண். கட்டணம் இல்லை என்பதால் 93,000-க்கும் அதிகமானோர் பதிந்தார்கள். 2000-ஆம் ஆண்டு வாக்கில் விமானம் கிளம்பும் என்று கணக்கு. பான் அமெரிக்கன் 1991-இல் திவாலானது. நிலாப் பயணி அத்தனை பேரும் இன்னும் காத்திருப்போர் பட்டியலில்தான் இருக்கிறார்கள்.

இந்தக் கூத்துக்கு நடுவில் சிலர் உண்மையிலேயே போய் இறங்கிவிட்டார்கள். 1969 ஜூலையிலிருந்து 1972 டிசம்பர் வரை ஆறு தடவை, மொத்தம் பன்னிரண்டு பேர். ஆறு தடவையும் தங்கிய நேரத்தைக் கூட்டினால் சுமார் 300 மணி. பன்னிரண்டரை நாள். மனித குலம் நிலாவில் குடியிருந்த அனுபவம் அவ்வளவுதான். ஒரு கல்யாணத்துக்கு வந்த சித்தப்பா இதைவிடக் கூடுதலாகத் தங்கிவிட்டுப் போவார்.

அந்தப் பன்னிரண்டரை நாளில் தெரியவந்தவை எதுவும் எந்தத் திட்ட அறிக்கையிலும் இல்லை. முதலாவது, தூக்கம். ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் இறங்கிய வண்டியில் படுக்கையே கிடையாது. ஆல்ட்ரின் தரையில் சுருண்டார். ஆம்ஸ்ட்ராங் இன்ஜின் மூடி மேல் உட்கார்ந்து சாய்ந்தார். உள்ளே குளிர், பம்புகளின் சத்தம். கண்ணை மூடினால் முகத்தில் ஒரு வெளிச்சம். என்னவென்று பார்த்தால், வண்டியில் இருந்த தொலைநோக்கி வழியாகப் பூமி அவர் கண்ணில் பல்பு மாதிரி எரிந்துகொண்டிருக்கிறது. காதல் பாட்டெல்லாம் நிலா வெளிச்சத்தைப் பற்றித்தான் எழுதப்பட்டிருக்கிறது. அங்கே போனவருக்குப் பூமி வெளிச்சம் தொல்லை. திரும்பக் கிளம்புவதற்கான சுவிட்சின் முனை வேறு உடைந்து கீழே கிடந்தது. முதுகுப் பெட்டி இடித்திருக்கிறது. ஆல்ட்ரின் ஒரு ஸ்கெட்ச் பேனாவைச் செருகித் தள்ளினார், வேலை செய்தது. இரண்டு பேர் நிலாவில் நிரந்தரமாகக் குடியேறாமல் போனதற்குக் காரணம் அந்தப் பேனா.

அடுத்தது தூசி. நிலாவில் காற்றில்லை, மழையில்லை. கல் பொடியானால் அதன் முனை மழுங்குவதே இல்லை. நுண்ணிய கண்ணாடிச் சில்லு மாதிரி. உடையில், பூட்டில், ரப்பர் வளையத்தில், நகக்கண்ணில் எல்லாம் ஏறிக்கொண்டது. வெடித்த பட்டாசின் வாசனை அடித்ததாகப் போனவர்கள் பலரும் சொன்னார்கள். அப்பல்லோ 17-இல் போன ஹாரிசன் ஷ்மிட்டுக்கு மூக்கடைத்துத் தும்மல் வேறு. அவர் நிலவியல் அறிஞர். வாழ்நாள் முழுக்கப் பாறையைப் படித்துவிட்டு, கனவுப் பாறையைத் தொட்டவுடன் அலர்ஜி. கூடப் போன செர்னன் சுத்தியலை இடித்து வண்டியின் மட்கார்டை உடைத்துவிட்டார். ஓட்டினால் தூசி மழையாகத் தலையில் கொட்டுகிறது. கையில் இருந்த நிலா வரைபடங்களை ஒட்டுநாடாவால் சேர்த்து ஒட்டி, புது மட்கார்டு செய்தார்கள். மெக்கானிக் ஷெட்டில் பையன் செய்கிற வேலைதான், இடம்தான் வேறு.

மூன்றாவது, லூசியன் ஒரே வரியில் தாண்டிப் போன சங்கதி. அப்பல்லோவில் கழிவறை என்று எதுவும் இல்லை. ஒட்டும் விளிம்பு வைத்த ஒரு பை. காரியம் முடிந்ததும் உள்ளே கிருமிநாசினியைப் போட்டு, மூடி, கையால் பிசைய வேண்டும். படித்தவர்கள், விமானமோட்டிகள், நாட்டுக்கே நாயகர்கள், உட்கார்ந்து பிசைந்தார்கள். கிளம்பும்போது எடையைக் குறைக்க மூட்டையை அங்கேயே வீசிவிட்டு வந்தார்கள். இப்படி 96 பொட்டலம் நிலாவில் கிடப்பதாக ஒரு கணக்கு. கொடியும் காலடித்தடமும் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. பொட்டலத்துக்கு ஒரு பத்திகூட இல்லை. அப்பல்லோ 15 வீரர்களுக்கு இதயத்துடிப்பு தடுமாறியதால், அடுத்து போனவர்களுக்குப் பொட்டாசியம் கலந்த ஆரஞ்சுச் சாற்றைக் குடம் குடமாகக் கொடுத்தார்கள். விளைவு, ஜான் யங்குக்கு வாயுத் தொல்லை. மைக் திறந்திருப்பது தெரியாமல் அதைப் பச்சையாகச் சொல்லித் தீர்த்தார், உலகமே கேட்டது. ஆரஞ்சுக்குப் பேர்போன ஃப்ளோரிடாவின் கவர்னர், அது எங்கள் ஊர்ப் பழத்தின் தப்பல்ல என்று மறுப்பு விட்டதாக யங் பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

திரும்பி வந்ததும் நடந்ததையும் சொல்ல வேண்டும். நிலாவிலிருந்து கிருமி வந்துவிடுமோ என்று அப்பல்லோ 11 ஆட்களை 21 நாள் தனிமையில் வைத்தார்கள். நிலா மண்ணைக் கரப்பான்பூச்சிக்கும் மீனுக்கும் காடைக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். கரப்பான் அசரவில்லை, அது எதற்குத்தான் அசரும்? இவ்வளவு ஜாக்கிரதையாகக் கட்டிய தனிமைக் கூண்டின் தரைவிரிசல் வழியாக எறும்பு வரிசையாகப் போய்வந்துகொண்டிருந்ததை ஆல்ட்ரின் பார்த்துக்கொண்டிருந்தாராம். சுங்கத்துறைப் படிவத்திலும் மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். புறப்பட்ட இடம்: நிலா. சரக்கு: நிலாக் கல், நிலாத் தூசி. தொற்று பரவ வாய்ப்புண்டா என்ற இடத்தில், இனிமேல்தான் தெரியும் என்று நிரப்பியிருந்தது.

அதன்பின் ஐம்பது ஆண்டு, தேர்தல் மேடைக் காலம். 1989-இல் அப்பா புஷ் அறிவித்தார். பில் 50,000 கோடி டாலர் என்றதும் நாடாளுமன்றம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. 2004-இல் மகன் புஷ் அறிவித்தார். 2010-இல் ஒபாமா ஆட்சி கைவிட்டது. 2012-இல் நியூட் கிங்ரிச், தான் ஜெயித்தால் இரண்டாம் பதவிக்காலம் முடிவதற்குள் நிலாவில் குடியிருப்பு உண்டு, 13,000 அமெரிக்கர் சேர்ந்துவிட்டால் தனி மாநில அந்தஸ்துக்கு மனுப் போடலாம் என்றார். ராக்கெட் ஏவும் ஃப்ளோரிடாவிலேயே அவரைத் தோற்கடித்தார்கள். மாநில அந்தஸ்து வாங்கப் படும் பாடு நமக்குப் புதுச்சேரியைப் பார்த்தே தெரியும்.

பட்டா விவகாரத்துக்கு வருவோம். 1967-இன் விண்வெளி ஒப்பந்தப்படி நிலாவை எந்த நாடும் சொந்தம் கொண்டாட முடியாது. அதில் நாடு என்றுதானே இருக்கிறது, தனி ஆள் என்று இல்லையே என்று அமெரிக்காவின் டென்னிஸ் ஹோப் 1980-இல் ஒரு பொந்தைக் கண்டுபிடித்தார். நிலா என்னுடையது, ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள் என்று ஐ.நா.வுக்குக் கடிதம் போட்டார். பதில் வரவில்லை. மௌனம் சம்மதம். அன்றிலிருந்து ஏக்கர் ஏக்கராகப் பிளாட் போட்டு, பத்திரமும் அச்சடித்து விற்றுக்கொண்டிருக்கிறார். சட்டப்படி செல்லாது. நம் ஊரில் ஏரிக்குள் மனை வாங்கியவர்களிடம் கேட்டால், அதனால் என்ன என்பார்கள்.

மனை எப்படி என்று அரை நூற்றாண்டு கழித்து உட்கார்ந்து பார்த்தால், கெப்ளர் எழுதியதற்கு மேல் பெரிதாக மாற்றமில்லை. பகலில் 120 டிகிரி, இரவில் பூஜ்யத்துக்குக் கீழே 130. கதிர்வீச்சுக்குப் பயந்து சில மீட்டர் மண்ணுக்கு அடியில் எலி மாதிரி இருக்க வேண்டும். அவ்வளவு தூரம் போயும் ஜன்னல் கிடையாது. 2019 ஜனவரியில் சீனாவின் சாங்'இ-4 ஒரு டப்பாவுக்குள் பருத்தி விதை கொண்டுபோனது. அது முளைத்தும் விட்டது. நிலாவில் பிறந்த முதல் குடி. இரவு வந்தது, குளிரில் விறைத்துச் செத்தது. 2023-இல் தென்துருவத்தருகே இறங்கிய நம் லேண்டர் விக்ரமும் ரோவர் பிரக்ஞானும் அப்படி ஓர் இரவில்தான் தூங்கப் போயின, இன்னும் எழுந்திருக்கவில்லை.

தண்ணீர் மட்டும் உண்டு. அப்பல்லோ கொண்டுவந்த கல்லையெல்லாம் சோதித்துவிட்டு, சொட்டு ஈரம்கூட இல்லை என்று பல காலம் அடித்துச் சொன்னார்கள். 2008-இல் பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடிக்காரரான மயில்சாமி அண்ணாதுரை இயக்கிய சந்திரயான்-1 போய்ப் பார்த்ததில் ஈரத்தின் அடையாளம் தெரிந்தது. மறுவருஷம் அமெரிக்கர்கள் தென்துருவப் பள்ளத்தில் ஒரு ராக்கெட் பாகத்தை மோதவிட்டுப் பனி இருப்பதை உறுதி செய்தார்கள். வெயிலே படாத அந்தப் பள்ளங்களில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 200 டிகிரியையும் தாண்டும். அங்கே பனி இரும்பு மாதிரி இறுகியிருக்கும், தோண்ட வேண்டும். இப்போது அமெரிக்கா, சீனா எல்லாரும் அந்தத் தென்துருவத்தைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறார்கள்.

தோண்டுவது என்றதும் நாமக்கல் மாவட்டத்தைப் பேசாமல் இருக்க முடியாது. நிலாவின் மேட்டுநிலம் அனார்தசைட் என்ற பாறையால் ஆனது. சந்திரயானின் லேண்டரையும் ரோவரையும் தரையில் ஓட்டிப் பார்க்க இஸ்ரோவுக்கு டன் கணக்கில் நிலா மண் தேவைப்பட்டது. அமெரிக்காவில் செய்து விற்கும் போலி மண்ணோ யானை விலை. சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியலாளர்கள் சித்தம்பூண்டியையும் குன்னமலையையும் கைகாட்டினார்கள். அதே பாறை. நொறுக்கி, சலித்து, ஐம்பது டன் அளவுக்கு அனுப்பி வைத்தார்கள். நிலாவுக்குப் பட்டா வாங்க முடியாமல் டென்னிஸ் ஹோப் திண்டாட, நிலா மண் செய்யும் முறைக்கு இஸ்ரோ 2020-இல் காப்புரிமையே வாங்கிவிட்டது. அந்த மண்ணில் மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிறார்கள். காற்று இலவசம், முட்டை மலிவு.

சித்தம்பூண்டியிலிருந்து திருச்செங்கோடு பக்கம்தான். காஷ்மீரிலிருந்து ஆப்பிரிக்கா வரை போர் போடுகிற ரிக் வண்டிகள் புறப்படுகிற ஊர். தென்துருவத்துப் பனிக்கு எந்த நாடு முதலில் துளை போட்டாலும் கடைசியில் அங்கேதான் வந்து விலை கேட்கும். அடிக்கு இவ்வளவு, கேசிங் பைப் தனி, பாறை வந்தால் ரேட் மாறும், தண்ணீர் வராவிட்டால் நாங்கள் பொறுப்பல்ல. வண்டியைக் கொண்டுபோய்க் கொண்டுவரும் செலவு பார்ட்டியுடையது.